செங்கல்லில் நின்ற கடப்பாரை

“தாயே, கோபத்தைப் புதைக்கிறது எப்படி?” என்று பூங்காவனம் கேட்டாள்.

தயாபரி அம்மா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். வாளியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நாளைக்குக் குழாய்க்காரர் வர்றார். புதைக்கிற வேலை அவருக்குத்தான் தெரியும். கேட்டுக்கலாம்.”

பூங்காவனத்துக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை.

வைகைக் கரையில் இருந்தது அந்த மடம். பெரிய மடம் ஒன்றும் இல்லை. ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, ஒரு மாட்டுக்கொட்டில். நடுவில் தோட்டம். மத்தியானம் யார் வந்தாலும் அங்கே சோறு உண்டு. தயாபரி அம்மாதான் குரு. வயது முப்பத்தைந்து இருக்கும். பூங்காவனம் அவளைவிட மூத்தவள். கணவன் போன பிறகு மகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு மடத்துக்கு வந்தவள். சின்னவளைத் தாயே என்று கூப்பிடுவதில் அவளுக்குக் கூச்சம் இல்லை. குருவும் அவளை வாங்க போங்க என்றுதான் பேசுவாள்.

“யார் மேல கோபம்?” என்று தயாபரி கேட்டாள்.

“நாத்தனார் மேல. ரத்தினத்து மேல.”

“என்ன செஞ்சாங்க?”

“ஒண்ணும் செய்யலை. ஒரு சொல்லு சொன்னா. என் புருசனைக் கூடத்துல கிடத்தியிருந்தாங்க. ஊரே நின்னுச்சு. இவ காலெடுத்து வச்ச நேரம்தான் என் அண்ணனைக் கொண்டுபோயிருச்சுன்னா.”

தயாபரி தவிட்டில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அன்னிக்கும் சொல்லலை. அப்புறமும் சொல்லலை. மண்ணைப் போட்டு மூடிட்டேன். தீபாவளிக்கு வருவா, பொங்கலுக்கு வருவா, சிரிச்சுக்கிட்டே காபி போட்டுக் குடுப்பேன். என் பொண்ணு சுகந்திக்குக்கூடத் தெரியாது. அதுக்கு அத்தைன்னா உசுரு.”

“மூடியாச்சுன்னா அப்புறம் என்ன?”

“தை மாசம் சுகந்திக்குக் கல்யாணம். இந்தத் தோட்டத்துலதான் பந்தல் போடப் போறோம். அத்தை வந்துதான் பந்தக்கால் ஊண்டணும்னு அது ஒத்தைக் கால்ல நிக்குது. அவ பேரைக் கேட்டாலே எனக்கு உள்ள என்னமோ பண்ணுது தாயே. அன்னிக்குன்னு பார்த்து வெடிச்சிருமோன்னு பயமா இருக்கு. என் பொண்ணு கல்யாணம் என் வாயால கெட்டுரக் கூடாது.”

மாடு வாளிக்குள் தலையை விட்டது. தயாபரி கையைக் கழுவிக்கொண்டாள்.

“நாளைக்கு மண்வெட்டியைத் தீட்டி வைங்க” என்றாள்.

மறுநாள் காலையில் குழாய்க்காரர் இருதயராஜ் வந்தார். ஸ்கூட்டரின் பின்னால் மஞ்சள் குழாய் பெரிய வளையமாகச் சுற்றிக் கட்டியிருந்தது. தூரத்திலிருந்து பார்க்க, ஸ்கூட்டருக்கு மாலை போட்டுக் கூட்டி வருகிற மாதிரி இருந்தது.

கொட்டிலுக்குப் பின்னால் கோபர் கேஸ் தொட்டி இருந்தது. மாட்டுச் சாணத்தைக் கரைத்து அதில் ஊற்றுவார்கள். அதிலிருந்து வரும் கேஸில்தான் மடத்துச் சோறு வேகும். இதுவரை குழாய் தோட்டத்துக்கு மேலேயே, துணி காயப்போடுகிற கொடி மாதிரி குச்சிகளில் தொங்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனது. வெயிலில் காய்ந்து வெடிப்பு விட்டுவிட்டது. போன வாரம் ஒரு ஆடு அதில் கழுத்தைச் சொறிந்து, ஒரு இணைப்பையே இழுத்துப் போட்டுவிட்டது. இனி மண்ணுக்குள் போகட்டும் என்று குரு சொல்லியிருந்தாள்.

இருதயராஜ் சுண்ணாம்பால் கோடு போட்டார். கோடு பூங்காவனத்தின் பூப்பாத்தி ஓரமாகவே போனது.

“ஏன்யா, வேற பாதை இல்லையா உமக்கு?”

“அந்தப் பக்கம் வேப்பமரம். வேர் குழாயை நெரிச்சிரும். இந்தப் பக்கம் மோட்டாருக்குக் கரண்டு வயர் போகுது. அது பக்கத்துல கேஸ் போகக் கூடாது. கட்டடத்துக்கு அடியிலயும் போகக் கூடாது. மிச்சம் உங்க பூ ஒண்ணுதான்.”

“என் பூவுக்குன்னு வந்து வாச்சீர் பாரும்.”

“பூச்செடி இருக்கட்டும்மா. அது வேர் ஒரு சாண்கூடப் போகாது. முருங்கையை மட்டும் கொண்டாந்து வச்சிராதீங்க.”

எல்லாரும் சேர்ந்து வாய்க்கால் மாதிரி வெட்டினார்கள். முழங்காலுக்கும் மேலே ஆழம் வேண்டும் என்றார் இருதயராஜ். பூங்காவனம் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இது போதாதா?”

“மண்வெட்டி இவ்வளவு இறங்கும்” என்று தயாபரி சொன்னாள். வெட்டிய இடத்தில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டுக் காட்டினாள். “அதுக்கும் கீழே போகணும்.”

கற்களையெல்லாம் பொறுக்கிவிட்டு அடியில் ஆற்று மணல் பரப்பினார்கள். குழாய் தொட்டிப் பக்கமிருந்து மெல்லச் சரிந்து வந்தது. சரிவு முடிகிற இடத்தில் இருதயராஜ் ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி வைத்தார். கேஸோடு ஈரமும் வரும், அது தண்ணீராகி இதில் சேரும், அப்பப்போ திறந்து கொட்டிவிட வேண்டும் என்றார்.

“கொட்டாட்டி?”

“அடுப்பு திக்கும். எரியும், அணையும், எரியும், அணையும்.”

“என்னைச் சொல்ற மாதிரி இருக்கு” என்றாள் பூங்காவனம்.

மூடுவதற்கு முன்னால் இருதயராஜ் ஒரு கிண்ணத்தில் சோப்பைக் கரைத்தார். பஞ்சில் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவச் சொன்னார். பூங்காவனம் குந்தி உட்கார்ந்து தடவிக்கொண்டே வந்தாள். குழாய் வளைகிற இடத்தில் போட்ட ஒரு முழங்கை இணைப்பில் சின்னதாக ஒரு குமிழ் எழுந்தது. பெரிதானது. உடைந்தது. இன்னொன்று எழுந்தது.

“பார்க்க அழகாத்தான் இருக்கு” என்றாள்.

“அழகுதான். மூடுன பிறகு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும் அழகு” என்று இருதயராஜ் அந்த இணைப்பை அறுத்து எடுத்துப் புதிதாகப் போட்டார்.

குழாய் மேல் மறுபடி மணல் விழுந்தது. இருதயராஜ் மண்ணைத் தள்ளப் போனார். தயாபரி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“செங்கல்?”

“செங்கல் வேணும்தான். லோடு வரலைம்மா. மஞ்சள் நாடா போடுறோம்ல, அது போதும். யாராவது தோண்டுனா நாடாவைப் பார்த்து நிறுத்திக்குவாங்க.”

“பார்க்காதவங்களும் இருப்பாங்க.”

இடிந்த பழைய சுவர் ஒன்று ஆற்றோரம் கிடந்தது. தயாபரி பூங்காவனத்தை அங்கே அனுப்பினாள். வெயில் ஏறிவிட்டது. பூங்காவனம் கூடை கூடையாகச் செங்கல் சுமந்தாள். கடைசிக் கூடையைப் பொத்தென்று இறக்கினாள்.

“மேல மண்ணு. கீழ மணலு. நடுவுல நாடா. இதுல செங்கல் வேற. கண்ணுக்கே தெரியாத ஒண்ணை யாரு தாயே தேடிக்கிட்டு வரப் போறா?”

“யாரும் தேடி வரமாட்டாங்க” என்றாள் தயாபரி. “தேடாமத்தான் வருவாங்க.”

மணலுக்கு மேலே செங்கலை வரிசையாகப் பதித்தார்கள். பாதி மண் போட்டதும் தயாபரியே நாடாவை விரித்துக்கொண்டு போனாள். மீதி மண்ணை மூடி மிதித்தார்கள். குழாய் நெடுக, சில அடி விட்டு விட்டு, வெள்ளையடித்த கற்களை நட்டார்கள். ஒவ்வொரு கல்லின் தலையிலும் மஞ்சள் பூசினார் இருதயராஜ்.

பூங்காவனம் தள்ளி நின்று பார்த்தாள். கனகாம்பரப் பாத்திக்கும் டிசம்பர் பூப் பாத்திக்கும் நடுவில் கற்கள் வரிசையாக நின்றன.

“மயானத்துல நட்ட மாதிரி இருக்கு” என்றாள்.

இருதயராஜ் மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அன்றிலிருந்து தயாபரிக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. பூங்காவனம் தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். தயாபரி அந்தப் பக்கமாகப் போகிறவள் நின்று, “ரத்தினம்” என்பாள். வேறு ஒன்றும் சொல்லமாட்டாள்.

துருவுகிற கை நின்றுவிடும்.

“குமிழ் வருது” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

ஒருநாள் பூங்காவனம் தேங்காய் மூடியைத் தரையில் வைத்துவிட்டாள்.

“தாயே, நீங்க என்ன விளையாடுறீங்களா? புதைக்கிறதுக்கு வழி கேட்டா, தோண்டித் தோண்டிப் பார்க்குறீங்க.”

“சோப்புத் தண்ணிதான் போட்டேன். தோண்டலை.”

“வருதுன்னு தெரியுதுல்ல. என்ன செய்யணும்னு சொல்லுங்க.”

“கல் நடணும்.”

“எங்க?”

தயாபரி வானத்தைப் பார்த்தாள். மழை வரும் போல் இருக்கிறது, வறட்டியை எடுத்து உள்ளே வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தை பிறந்தது. கனகாம்பரம் பாத்தி நிறையப் பூத்தது. பக்கத்து ஊரில் ஒரு துக்கம் என்று தயாபரி கிளம்பிப் போனாள். பந்தக்கால் ஊன்றுகிற அன்றைக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தாள்.

பூங்காவனம் தோட்டத்தில் நின்று பார்த்தாள். கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டார் வருவார்கள். போட்டோ எடுப்பார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் பூவுக்கு நடுவே நிற்கும்போது பின்னால் சுடுகாட்டுக் கல் நிற்கும். மனசு ஒப்பவில்லை. ஒரு கல்லை ஆட்டினாள். அசைந்தது. எடுத்தாள். அப்புறம் மற்றதும் வந்தது. பூப்பாத்தியை ஒட்டியிருந்த கற்களை மட்டும் கொட்டிலுக்குப் பின்னால் அடுக்கினாள். கல் இருந்த குழிகளில் கனகாம்பர நாற்றை வைத்துத் தண்ணீர் ஊற்றினாள்.

அங்கே ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. பார்க்கப் பார்க்க அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

பந்தக்கால் அன்று காலையிலேயே ரத்தினம் வந்து இறங்கினாள். கை நிறைய வளையல். இடுப்பில் ஒரு சாக்கு மாவிலை.

“எங்கடி என் மருமவ?” என்று வாசலிலேயே சத்தம் போட்டாள். சுகந்தி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். ரத்தினம் அவள் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினாள்.

“அண்ணி, இவ கால் ராசிக்குப் போற வீடு எங்கேயோ போகப் போகுது பாருங்க. பொண்ணு காலடி எப்படியோ அப்படித்தான் வீடு.”

அவள் பிரியத்தில்தான் சொன்னாள். பூங்காவனம் சிரித்தாள்.

“காபி குடிக்கிறியா ரத்தினம்?”

காபி ஆற்றும்போது டம்ளர் தவறித் தரையில் உருண்டது.

நல்ல நேரம் வந்தது. தோட்டத்தில் எல்லாரும் கூடினார்கள். பூங்காவனம் சமையல்கட்டிலேயே இருந்தாள். தாலி இல்லாதவள் முன்னால் நிற்கக் கூடாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்கிற நிலைமையை அவள் யாருக்கும் வைத்ததில்லை. அடுப்பில் பாயசத்துக்குப் பால் வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

பந்தல்காரர் மாயழகு மூங்கில் காலைக் கொண்டுவந்தார். நுனியில் மாவிலை கட்டி, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்திருந்தது. ஐந்து சுமங்கலிகள் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். ஒரு தட்டில் ரத்தினம் கற்பூரம் ஏற்றித் தரையில் வைத்தாள்.

“ஈசானி மூலை எதும்மா?” என்று மாயழகு கேட்டார்.

“இந்தா, இந்தப் பக்கம்தான்” என்று ரத்தினம் பூப்பாத்தி ஓரமாகப் போனாள். “இந்தக் கனகாம்பரத்துக்கு நடுவுல ஊண்டுங்கண்ணே. பார்க்க எம்புட்டு அழகா இருக்கும்! எங்க அண்ணி ஆசையா வச்ச பூவு.”

ஜன்னலுக்குப் பின்னால் பூங்காவனத்தின் கை நின்றது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே ஒரு நிமிடம் நினைவு வரவில்லை. அவ்வளவு நன்றாக மூடியிருந்தாள்.

கடப்பாரை ஏறி இறங்கியது. ஈர மண், சுலபமாக இறங்கியது. மறுபடி இறங்கியது. மண்ணைக் கிளறியபோது கடப்பாரை நுனியில் மஞ்சளாக ஏதோ சிக்கி வந்தது.

“என்னமோ நாடா” என்றார் மாயழகு.

“மஞ்சள்தானே? நல்ல சகுனம்ணே. குத்துங்க” என்றாள் ரத்தினம்.

பூங்காவனத்துக்கு எல்லாம் ஒரேயடியாகத் தெரிந்தது. நாடா. அதற்குக் கீழே செங்கல். அதற்குக் கீழே குழாய். பக்கத்திலேயே கற்பூரம் எரிகிறது. தன் மகள் குனிந்து குழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கத்த வேண்டும். நல்ல நேரத்தில், பந்தக்கால் ஊன்றுகிற இடத்தில், ஒரு விதவை நிறுத்து என்று கத்த வேண்டும். வாய் வரவில்லை. இத்தனை வருடம் மூடிப் பழகிய வாய்.

கடப்பாரை மூன்றாம் முறை இறங்கியது.

டங்!

செங்கல்.

அந்தச் சத்தம் அவளைப் பிடித்து வெளியே தள்ளியது. அடுப்பை அணைத்தாள். வெளியே ஓடினாள்.

“நிறுத்துங்க! குத்தாதீங்க! நிறுத்துங்க!”

எல்லாரும் திரும்பினார்கள். அவள் நேராகத் தட்டுக்குப் போனாள். குனிந்து இரண்டு கையாலும் ஈர மண்ணை அள்ளிக் கற்பூரத்தின் மேல் போட்டாள். அணைந்தது. சுமங்கலிகளில் ஒருத்தி ஐயோ என்றாள்.

“அம்மா!” என்றாள் சுகந்தி.

“கீழே கேஸ் குழாய் போகுது. நீ ஓடு. கொட்டிலுக்குப் பின்னால, தொட்டி வாயில ஒரு வால்வு இருக்கு. குறுக்கே திருப்பி மூடு. ஓடுடி!”

சுகந்தி பட்டுப்பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மாயழகு கடப்பாரையை மெதுவாக, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கித் தள்ளி வைத்தார்.

ரத்தினம் கற்பூரத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நல்ல நேரத்துல கற்பூரத்தை அணைச்சுட்டீங்களே அண்ணி. மண்ணள்ளிப் போட்டு! உங்க...”

அதோடு நிறுத்திக்கொண்டாள்.

பூங்காவனம் நிமிர்ந்தாள். கையெல்லாம் மண்.

“சொல்லு ரத்தினம். ஏன் நிறுத்துற? இவ காலெடுத்து வச்ச நேரம்னு சொல்லு. அன்னிக்கும் அதைத்தானே சொன்னே.”

“என்னைக்கு?”

“உங்க அண்ணனைக் கூடத்துல கிடத்தியிருந்த அன்னிக்கு.”

சுகந்தி ஓடி வந்தவள் பாதியிலேயே நின்றுவிட்டாள்.

“நான் சொன்னேனா?” என்றாள் ரத்தினம்.

பூங்காவனம் அவள் முகத்தைப் பார்த்தாள். அது நடிப்பு இல்லை. ரத்தினத்துக்கு உண்மையாகவே நினைவில்லை.

“அன்னிக்கு நான் என்ன பேசினேன்னு எனக்கே தெரியாது அண்ணி. எங்க அண்ணன் செத்துக் கிடந்தான். வாய் என்னத்தைச் சொல்லுச்சோ, கை எங்க அடிச்சுச்சோ.”

“எனக்குத் தெரியும்” என்றாள் பூங்காவனம். அவள் கத்தவில்லை. “நீ சொன்னது இன்னும் இங்கதான் இருக்கு. நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்ல, அதுக்கு அடியிலதான் இருந்துச்சு. கால் ராசி, காலடின்னு நீ சொல்றப்போல்லாம் எனக்கு இங்க குத்துது. இனிமே அதை என் முன்னால சொல்லாதே.”

ரத்தினம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வளையல் குலுங்கியது.

“காலையில வந்ததும் வராததுமா அதைத்தானே சொன்னேன்” என்றாள். அண்ணியை நிமிர்ந்து பார்த்து, “இத்தனை வருசமா எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணி?” என்றாள்.

பூங்காவனம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். குழிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, கையாலேயே மண்ணை விலக்கினாள். செங்கல்லின் ஒரு மூலை உடைந்திருந்தது. அதை மெல்ல எடுத்தாள். கீழே மணல் கலையாமல் இருந்தது. விரலால் மணலைத் தள்ளினாள். குழாய் மஞ்சளாக, ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது. முகத்தைத் தாழ்த்தி மோந்து பார்த்தாள். ஈர மண் வாசனைதான் வந்தது.

“ஒண்ணும் ஆகலை” என்றாள்.

ரத்தினமும் எட்டிப் பார்த்தாள். இருவர் தலையும் முட்டிக்கொள்கிற மாதிரி நெருக்கமாக இருந்தன.

“நானாப் போயி இந்த இடத்தைக் காட்டினேனே. புள்ளை பக்கத்துல நின்னுச்சே.”

“நீ என்ன செய்வே? கல்லு இருந்துச்சு. நான்தான் பிடுங்கிப் போட்டேன். பூவுக்கு நல்லா இல்லைன்னு.”

மாயழகு தொண்டையைச் செருமினார்.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. நல்ல நேரம் போயிக்கிட்டு இருக்கு. எனக்கு அங்கிட்டு இன்னொரு கல்யாணத்துக்கும் காலு ஊண்டணும். இது இங்கயா, வேற எங்கயாவதா?”

ரத்தினம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அண்ணி, எங்க ஊண்டலாம்னு நீங்க காட்டுங்க.”

“நான் காட்டக் கூடாது.”

“குழாய் எங்கெங்க போகுதுன்னு உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? மறுபடியும் நான் காட்டி அவர் குத்தவா?”

சுமங்கலிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சொல்ல என்ன இருக்கிறது? யாருக்கும் தெரியாதுதான்.

பூங்காவனம் எழுந்து நடந்தாள். பாத்தியைத் தாண்டி, குழாயிலிருந்து விலகி, மல்லிகைக் கொடிக்கு அப்பால் போய் நின்றாள். அதுவும் ஈசானிதான். காலால் ஒரு கோடு கிழித்தாள்.

“இங்க.”

மாயழகு குத்தினார். மண் நல்ல மண், ஆழமாக இறங்கியது. மூங்கிலை நிறுத்தினார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“யாராச்சும் பிடிங்கம்மா, சாயுது!”

பக்கத்தில் நின்றவள் பூங்காவனம்தான். பிடித்தாள். பிடித்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று தெரிந்து கையை எடுக்கப் போனாள். மாயழகு மண்ணைத் தள்ளி மிதித்துக்கொண்டே, “விட்டுறாதீங்க, விட்டுறாதீங்க” என்றார். விடவில்லை. மண் கை மூங்கிலில் இருந்த மஞ்சளோடு ஒட்டிக்கொண்டது.

சுகந்தி தட்டைக் கழுவிக் கொண்டுவந்தாள். ரத்தினம் புதுக் கற்பூரம் வைத்தாள். தீப்பெட்டியை எடுத்தவள் பூங்காவனத்திடம் நீட்டினாள்.

“அணைச்சவங்களே ஏத்துங்க.”

பூங்காவனம் ஒருமுறை குழாய்ப் பக்கம் திரும்பித் தூரத்தைப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஏற்றினாள்.

வெயில் சாயும் நேரத்தில் தயாபரி வந்தாள். கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு தோட்டத்துக்குள் வந்தாள். மல்லிகைக்கு அப்பால் பந்தக்கால் நின்றது. பாத்தி ஓரத்தில் கற்கள் மறுபடி நின்றன. மழையில் மங்கியிருந்த தலைகளுக்குச் சுகந்தியும் ரத்தினமும் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள். ரத்தினம் பூசிய கல்லில் ஒரு குங்குமப் பொட்டும் இருந்தது.

சமையல்கட்டில் பூங்காவனம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அடுப்பு எரியவில்லை. பாயசத்துப் பால் பாதியில் நின்றிருந்தது.

“கல்லைப் பிடுங்கினது நான்தான் தாயே.”

“கனகாம்பரம் நல்லாப் பிடிச்சிருக்கு. அதுவும் இருக்கட்டும்.”

“இருதயராஜுக்கு ஆள் விட்டேன். வந்து பார்த்துட்டு, உடைஞ்ச செங்கல்லை மாத்தி, கிழிஞ்ச நாடாவை ஒட்டி மூடிட்டுப் போனார்.”

“சோப்புத் தண்ணி?”

“வால்வைத் திறந்து வச்சு அவரும் போட்டார். நானும் போட்டேன். குமிழ் வரலை. நீங்க வர்ற வரைக்கும்னு வால்வை மறுபடி மூடி வச்சிட்டேன்.”

தயாபரி சுவரில் சாய்ந்து நின்றாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“ரத்தினம்” என்றாள்.

துருவுகிற கை நின்றது. வெளியே ரத்தினம் எதற்கோ பெரிதாகச் சிரித்தாள். கை மறுபடி ஓடத் தொடங்கியது.

“நின்னுச்சு” என்றாள் தயாபரி.

“ஆமா தாயே. போகலை. உள்ளதான் இருக்கு.” பூங்காவனம் தேங்காய்ப் பூவைக் கிண்ணத்தில் தட்டினாள். “ஆனா எங்க இருக்குன்னு இப்ப அவளுக்கும் தெரியும். இனி அதை என்ன செய்யணும்?”

தயாபரி அடுப்பு மேடையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள்.

“தொட்டி வால்வைத் திறந்துவிட்டு வாங்க. பாயசம் பாதியில நிக்குது.”